பிறவாத மகவுக்காகப் பேசுவோர் யார்?

மரியன்னையின் வாழ்த்தைக் கேட்டதும் எலிசபெத்தம்மாளின் வயிற்றிலிருந்த குழந்தை மகிழ்ந்து துள்ளியதாக லூக்காஸ் நற்செய்தியில் வாசிக்கிறோம். கருவிலுள்ள உயிரை அழிப்பது பெரும்பாவம் எனத் திருச்சபை கற்பிப்பது இன்று நேற்றல்ல; தொடக்கத் திருச்சபையின் 'திதாக்கே' நூலே அதைத் தடை செய்துள்ளது.

நம் நாட்டில் 1971-ஆம் ஆண்டுச் சட்டம் சில காரணங்களுக்காக 20 வாரம் வரை கருக்கலைப்பை அனுமதித்தது. 2021-ஆம் ஆண்டுத் திருத்தம் குறிப்பிட்ட சில நிலையிலுள்ள பெண்களுக்கு அதனை 24 வாரமாக நீட்டிற்று. சட்டம் அனுமதிப்பதெல்லாம் அறமாகிவிடாது. ஆயினும் சட்டத்தைச் சாடுவதோடு நம் கடமை தீர்ந்ததா? மூன்றாவதும் பெண்ணாகிவிடுமோ என மருமகளை ஏசும் மாமியார் நம் பங்குகளிலும் உண்டு. ஞாயிறு தவறாமல் திருப்பலி காண்பவர்தாம்! மணமாகுமுன் கருவுற்ற பெண்ணைக் கோயில் வாசலில் ஏளனமாய் நோக்குவோரும் நம்மவரே. இந்த அச்சமன்றோ பலரை அப்பாதகத்துக்குத் தள்ளுகிறது?

1995-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், தம் சுற்றுமடலில், கருக்கலைத்துக்கொண்ட பெண்களை நம்பிக்கை இழக்க வேண்டாமெனத் தேற்றினார். 2016-இல் திருத்தந்தை பிரான்சிஸ், இப்பாவத்தை மன்னிக்கும் அதிகாரத்தை எல்லாக் குருக்களுக்கும் நிலையாக வழங்கினார்.

வின்சென்ட் தே பவுல் சபையாரும் மரியாயின் சேனையாரும் இல்லங்களைச் சந்திக்கையில், கருவுற்றுத் தனித்து நிற்கும் பெண் எவரேனும் உண்டோவென விசாரிக்கட்டும். உபதேசத்துக்கு முன், பேறுகாலச் செலவுக்குப் பணமும், தங்க ஓர் இடமும், மருத்துவமனைக்கு உடன்வர ஒரு பெண் துணையும் அவளுக்கு வேண்டும்.