காயம் ஆறினால் போதுமா? கை வேலைக்குத் திரும்ப வேண்டாமா?



“டிரெசர் ஐயா, தையல் பிரிச்சாச்சு, காயமும் ஆறிப்போச்சு. ஆனா விரல் மடங்க மாட்டேங்குது. கத்தியைப் பிடிக்க முடியல. இனிமே எப்படிப் பால் வெட்டுறது?” இந்தக் கேள்வி எழாத தோட்டம் நம் நாட்டில் இருக்காது.

தோல் மூடிவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நாம் நினைக்கிறோம். அது தவறு. காயம் ஆறும்போது உள்ளே வளரும் தழும்பு, விரலை மடக்கும் நரம்புக் கயிற்றோடு ஒட்டிக்கொள்ளும். அசைக்காமல் வைத்திருந்த மூட்டு இறுகிப் போகும். பாரிசவாயு வந்தவருக்கோ கையில் காயமே இராது. ஆனால் சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியாது. இப்படிப்பட்டவர்களை மறுபடியும் அன்றாட வேலைக்குப் பழக்குவதற்கென்றே படித்தவர் ஒருவர் இருக்கிறார். அவரை ஆக்குபேஷனல் தெராப்பிஸ்ட் என்பார்கள். தமிழில் தொழில்வழி சிகிச்சையாளர் என்று சொல்லலாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் ‘பெமுலிஹான் சாராகெர்ஜா’ என்று பலகை மாட்டியிருக்கும் இடம் அவருடையதுதான்.

‘தொழில்’ என்றதும் சம்பள வேலை மட்டும்தான் என்று எண்ணிவிடாதீர்கள். குளிப்பது, சாப்பிடுவது, சோறு வடிப்பது, மகளுக்குத் தலை பின்னுவது, பள்ளிப் பிள்ளை பென்சில் பிடிப்பது எல்லாமே அவர் கணக்கில் தொழில்தான். ஃபிசியோதெராப்பிஸ்ட் தசைக்கும் மூட்டுக்கும் பலம் கொடுப்பார். இவரோ அந்தப் பலத்தைக் கொண்டு வேலையைச் செய்யப் பழக்குவார். முடியாவிட்டால் கத்தியின் பிடியைத் தடிப்பாக்கியோ, உட்காரும் இடத்தை மாற்றியோ வழி கண்டுபிடிப்பார்.

இந்தத் துறை எப்படித் தோன்றியது தெரியுமா? அமெரிக்காவில் ஜார்ஜ் பார்ட்டன் என்று ஒருவர் இருந்தார். அவர் டாக்டர் அல்ல, கட்டடக் கலைஞர். காசநோயும் வந்து, காலில் அறுவை சிகிச்சைக்குப் பிறகு இடது பக்கமும் செயலிழந்தது. தோட்டவேலை, தச்சுவேலை என்று கைக்கு வேலை கொடுத்தே தன்னைத் தேற்றிக்கொண்டார். 1914-இல் நியூயார்க் மாநிலத்தில் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் ஒரு வீட்டை வைத்து மற்றவர்களுக்கும் அப்படியே உதவினார். 1917-இல் இத்துறையின் முதல் சங்கம் அந்த வீட்டில்தான் தொடங்கியது. வேறு படிப்புப் படித்தவர்தான் இதற்கு வழி திறந்தவர் என்பதைக் கவனியுங்கள்.

இதை ஏன் சொல்கிறேன்? நம் லயத்துப் பிள்ளைகள் சிலர் உயிரியல், மனோதத்துவம், விளையாட்டு அறிவியல் என்று பட்டம் வாங்கிவிட்டு, படிப்புக்கு ஒட்டாத வேலையில் இருக்கிறார்கள். “டிகிரி முடிச்சாச்சு, இனி முதல்லருந்து நாலு வருஷமா படிக்கிறது?” என்று பெற்றோர் கேட்கிறார்கள். அப்படிப் படிக்க வேண்டியதில்லை. பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் வேறு பட்டம் பெற்றவர்கள் முதுநிலைப் படிப்பாகவே இதைப் படிக்கலாம். முழுநேரமாகப் படித்தால் பெரும்பாலும் 2 ஆண்டுகள்.

அந்த 2 ஆண்டும் சும்மா போகாது. உடற்கூறு படிக்க வேண்டும். ஒரு கையில் மட்டும் 27 எலும்புகள்! மூளை, நரம்பு, குழந்தை வளர்ச்சி, மனநோய், முதுமை எல்லாம் பாடத்தில் உண்டு. வெந்நீரில் இளகும் பிளாஸ்டிக் தகட்டை நோயாளியின் கைக்கு ஏற்ப வளைத்துத் தாங்கி செய்யக் கற்பார்கள். ஒரு வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்க்கவும் கற்பார்கள். பால் வெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள்: குனிவது, பட்டையில் கத்தியை வைப்பது, மணிக்கட்டைத் திருப்பி இழுப்பது, மரத்தைச் சுற்றி நடப்பது. இதில் எந்த இடத்தில் கை தடைப்படுகிறது என்று கண்டுபிடித்தால்தானே சரிசெய்ய முடியும்?

இதோடு செயல்முறைப் பயிற்சியும் உண்டு. இத்துறையின் உலகச் சம்மேளனம் 1952-இல் அமைந்தது. மாணவர்கள் குறைந்தது 1,000 மணி நேரம் நேரடியாக நோயாளிகளிடம் பயிற்சி பெற வேண்டும் என்பது அதன் விதி. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், முதியோர் இல்லம், நோயாளியின் வீடு என்று பல இடங்களுக்கும் போக வேண்டியிருக்கும். ஆகவே, மனிதரோடு பழகப் பொறுமை இல்லாதவருக்கு இந்தப் படிப்பு ஒத்துவராது.

பணம் கட்டும் முன் கவனியுங்கள். முதுநிலைப் படிப்பில் இரண்டு வகை உண்டு. ஒன்று, புதிதாகத் தெராப்பிஸ்ட் ஆவதற்கு. மற்றொன்று, ஏற்கனவே தெராப்பிஸ்டாக இருப்பவர் மேலும் படிப்பதற்கு. பெயர் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டாவது வகையைப் படித்துவிட்டு வந்தால் சான்றிதழ் சுவரில் தொங்கும், தொழில் செய்ய முடியாது. இத்துறை நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 774-இன் கீழ் வருகிறது. அச்சட்டம் 2020-இல் அமலுக்கு வந்தது. அதன்படி பதிவு செய்தவர்தான் தொழில் செய்யலாம். எனவே, “இந்தப் படிப்பை உலகச் சம்மேளனம் ஏற்றிருக்கிறதா? மலேசியாவில் பதிவு கிடைக்குமா?” என்ற இரண்டு கேள்விக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். ஏஜெண்டின் வாய்ப்பேச்சை நம்பி வெள்ளியைக் கட்டாதீர்கள்.

வெளிநாட்டுக் கட்டணம் நமக்குப் பெரிய சுமை என்பது உண்மைதான். அதனால் எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். படிக்கும் பிள்ளைகளுக்கு இப்போதே சொல்லிவையுங்கள். மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் இதற்கு இளநிலைப் பட்டமே உண்டு. டிப்ளோமா வழியும் உண்டு. அறிவியல் பாடங்களில் தேர்ச்சி முக்கியம். உள்ளூரில் படித்துவிட்டால், பிறகு முதுநிலைக்கு வேலை பார்த்துக்கொண்டே போகலாம்.

நம் பிள்ளை ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் என்ன நடக்கும்? “உங்க வேலை என்ன?” என்று மட்டும் கேட்டு நிறுத்த மாட்டார். “எத்தனை மரம்? மேட்டு நிலமா? குலை வெட்டுற கம்பு எவ்வளவு நீளம்?” என்றும் கேட்பார். ஆத்தாவிடம் தமிழிலேயே பேசுவார். கம்பு பிடித்துத் தழும்பேறிய கையைப் புத்தகத்தில் மட்டும் பார்த்தவருக்கும், தன் அப்பாவிடம் பார்த்தவருக்கும் வித்தியாசம் உண்டு அல்லவா?

அதுவரை காயம்பட்டவர்கள் சும்மா இருக்க வேண்டாம். வேலையில் அடிபட்டால் சொக்சோவுக்குத் தெரிவியுங்கள். வேலைக்குத் திரும்ப உதவும் திட்டத்தைச் சொக்சோ 2007-இல் தொடங்கியது. மலாக்காவில் அதன் மறுவாழ்வு மையம் 2014-இலிருந்து இயங்குகிறது. தையல் பிரிக்கும் அன்றே டாக்டரிடம், “பெமுலிஹான் சாராகெர்ஜாவுக்கு எழுதிக் கொடுங்கள்” என்று கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். மூட்டு இறுகிய பிறகு போனால் பலன் குறையும். நேரத்தோடு போனால் கை பிழைக்கும், கை பிழைத்தால் குடும்பம் பிழைக்கும்!