அச்சேறிய கையெழுத்து

கையால் எழுதுவோர் ஓரெழுத்தை இருமுறை ஒரே வடிவில் எழுதுவதில்லை, அச்செழுத்தோ மாறாதது. கையெழுத்துப் பாங்கில் அமைந்த அணியெழுத்துகளின் சிக்கல் இம்முரணேயாகும்.

செருமானியக் கலைஞர் ஹெர்மன் சாஃப் (1918–2015) 1944-இல் தம் குறிப்பேட்டில் உரோமன் எழுத்துகளை நீண்டோடும் வளைகோடுகளுடன் வரைந்தார். ஈய அச்செழுத்தின் நாற்கோண எல்லைக்குள் அக்கோடுகள் அடங்கா. எல்லை கடந்து நீளும் பகுதி எளிதில் முறியும். கணிப்பொறி அவ்வெல்லையை அகற்றிய பின்னரே, 1998-இல், 'சாஃபினோ' என்னும் எழுத்துரு நான்கு மாற்றுவடிவத் தொகுதிகளுடன் வெளிவந்தது. அண்டையெழுத்திற்கேற்ப அவற்றுள் ஒன்றைத் தெரிந்து அமைக்கலாம். நிலைமொழியும் வருமொழியும் புணருங்கால் நிகழும் திரிபினை இஃது ஒருவாறு ஒக்கும்.

எனினும், தலைப்பிற்கும் வாழ்த்து மடலுக்குமே இவ்வெழுத்துப் பொருந்தும். பக்கம் முழுதும் அமைப்பின், வனப்பே படிப்பிற்குத் தடையாகும் என யாம் கருதுகின்றோம்.