மேடு என்று பேர், மலை இல்லை

காரைக்காலில் மலை கிடையாது. பெயரில் மட்டும் உண்டு. தெற்கே திருமலைராயன்பட்டினம். திருமலைராயன் என்பது ஓர் அரசனின் பேர். அங்கே போய் மலை எங்கே என்று கேட்டால் சிரிப்பார்கள். கடலோரத்தில் காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, கோட்டுச்சேரிமேடு என்று மீனவர் ஊர்கள். மேடு என்றால் அலை ஏறாத அளவுக்கு மணல் உயர்ந்த இடம், அவ்வளவுதான். பதினோரு வருஷமாக விடியற்காலையில் இந்த மணலில் ஓடுகிறேன். எட்டரை மணிக்கு மருந்துக்கடையைத் திறந்துவிடுவேன். ஏற்றம் வேண்டுமென்றால் அரசலாற்றுப் பாலம்தான். சைக்கிள்காரர் இறங்கித் தள்ளாமலே போகிற ஏற்றம்.

எங்கள் ஊரில் பல வீடுகளைப் போல எங்களுக்கும் பிரான்சில் சொந்தம் உண்டு. அத்தானுடைய அப்பா பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். அக்கா குடும்பம் பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கிறது. போன ஆகஸ்டில் அங்கே போயிருந்தபோது, "ஓட்டம் ஓட்டம்னு உசுரை விடுறியே மச்சான், நிஜமான ஓட்டத்தைக் காட்டறேன் வா" என்று அத்தான் ஷமொனிக்கு அழைத்துப் போனார்.

மோன் பிளான் மலை அடிவாரத்தில் இருக்கிற சிற்றூர் ஷமொனி. 2003 முதல் ஆகஸ்டு கடைசியில் அங்கே நடக்கும் மலைப்பாதை ஓட்டத்துக்கு யூ.டி.எம்.பி. என்று பெயர். பிரான்சில் கிளம்பி, இத்தாலிக்குள் இறங்கி, சுவிட்சர்லாந்து வழியாக மலையைச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வரவேண்டும். ஏறக்குறைய 170 கிலோமீட்டர். தார்ச்சாலை கொஞ்சம்தான், மற்றதெல்லாம் ஆட்டுத்தடம் மாதிரி ஒற்றையடிப் பாதை, சரளைக்கல், வேர், சேறு. வழியில் ஏறுகிற உயரத்தையெல்லாம் கூட்டினால் சுமார் 10,000 மீட்டர். நம் கடற்கரையிலிருந்து எவரெஸ்ட் உச்சிவரை ஏறினாலும் 8,849 மீட்டர்தானே! கெடு 46 மணி 30 நிமிஷம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்புகிறவர்களில் பலருக்கு வழியில் இரண்டு இரவுகள். ஏறத்தாழ மூன்றில் ஒருவர் முடிக்காமலே திரும்புகிறார்.

நான் ஓடவில்லை. நினைத்தவுடன் பேர் கொடுக்க முடியாது. இதைச் சேர்ந்த வேறு பந்தயங்களை முடித்துத் தகுதி சேர்க்க வேண்டும். அதன்பிறகு குலுக்கலில் பேர் விழ வேண்டும். அதனால் கூட்டத்தோடு நின்று வேடிக்கை பார்த்தேன். எனக்கு ஆச்சரியம், ஏற்றம் செங்குத்தானதும் பெரும்பாலானவர்கள் நடந்ததுதான். கையில் இரண்டு ஊன்றுகோல், குனிந்த முதுகு, அளந்து வைத்த அடி. ஸ்பெயின் நாட்டுக் கிலியன் ஜோர்னெட் 2022இல் 19 மணி 49 நிமிஷத்தில் ஓடி முடித்தார். கணக்குப் போட்டால் மணிக்கு எட்டரை கிலோமீட்டர் சொச்சம். எங்கள் கடற்கரையில் காலையில் அதைவிட வேகமாக ஓடுகிறவர்கள் உண்டு. மணலில், அரைமணி நேரம்.

பந்தயம் முடிந்த இரண்டாம் நாள், ஆசை விடாமல், முதல் 21 கிலோமீட்டரை நானே ஓடிப் பார்த்தேன். லெ ஊஷ் என்ற ஊர் வரை சுலபம். அப்புறம் 1,700 மீட்டர் உயரத்துக்கு மேலே ஏற வேண்டும். மூச்சு வாங்கியது, ஆனால் தாங்கினேன். மேலே போனதும் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். எதிரே சேன் ஜெர்வே ஊர், 900 மீட்டருக்குக் கீழே.

இறக்கத்தில்தான் என் கதை முடிந்தது. ஏறும்போது தொடைத்தசை சுருங்கி உடம்பை மேலே தள்ளுகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடம்பின் கனத்தைப் பிடித்து நிறுத்தவும் வேண்டும். இழுக்க இழுக்கக் கயிற்றை விட்டுக்கொடுத்தபடி மாட்டைப் பிடிக்கிற மாதிரி. அந்த வேலையில் தசைநார்கள் நுண்ணியதாகக் கிழிகின்றன. வலி உடனே முழுசாக வராது. ஒன்றிரண்டு நாள் கழித்து உச்சத்துக்கு வரும். மறுநாள் விடுதியின் மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்கினேன். அத்தான் அதை வீடியோ எடுத்து அக்காவுக்கு அனுப்பிவிட்டார்.

இந்த வலிக்கு ஓடும்போதே இபுபுரூஃபன் போட்டுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். விற்கிறவனே சொல்கிறேன், வேண்டாம். உடம்பில் நீர் வற்றி நெடுநேரம் ஓடுகையில் அந்த மாத்திரை சிறுநீரகத்தைப் படுத்தும்.

மாத்திரையைவிட நல்ல மருந்து இறக்கமேதான். ஒருமுறை இறங்கிக் காயப்பட்ட தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையில் அவ்வளவு சேதமாவதில்லை. அதனால் ஊர் திரும்பியதும் இறக்கம் தேடினேன். கொல்லிமலையில் அறப்பளீசுவரர் கோயிலிலிருந்து ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கு மேல் படிகள்; முதலில் அங்கே. பங்குனியில் வெள்ளியங்கிரி. பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்கி, இரவில் டார்ச் வெளிச்சத்தில், வெறுங்காலோடு ஏழு மலையும் ஏறி இறங்குகிற கூட்டத்தைப் பார்த்தபோது ஷமொனி ஞாபகம் வந்தது. அங்கே கார்பன் கோல், இங்கே மூங்கில். கோல் செய்கிற வேலை ஒன்றே: முழங்காலுக்குப் போகிற பாரத்தில் கொஞ்சத்தைத் தோள் வாங்கிக்கொள்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் ஆல்ப்ஸ்காரர்களைப் பார்த்து நாம் கற்கலாம். மழைச்சட்டை, இரண்டு நெற்றி விளக்கு, விசில், உடல் சூட்டைக் காக்கும் மெல்லிய போர்வை எல்லாம் பையில் இல்லாமல் ஓட விடமாட்டார்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் சூடு ஆறு டிகிரிக்கு மேல் குறையும். நனைந்த உடம்பில் காற்றும் அடித்தால் கேட்கவே வேண்டாம். 2010இல் மழை காரணமாகப் பந்தயத்தையே பாதியில் நிறுத்தினார்கள். 2021 மே மாதம் சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில், திடீர் குளிர்மழையில் 21 பேர் இறந்தார்கள். வெள்ளியங்கிரி உச்சிக்கு ஒரு துண்டை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

வெள்ளியங்கிரியைத் தென்கயிலாயம் என்பார்கள். நிஜக் கயிலாயத்துக்குப் போனவர் எங்கள் ஊர்க்காரர். காரைக்கால் அம்மையார் அந்த மலையில் கால் படக்கூடாது என்று தலையாலேயே நடந்து ஏறினார் என்கிறது பெரியபுராணம். ஆனியில் மாங்கனித் திருவிழாவின்போது ஊரே அவரை நினைத்து மாம்பழம் வீசுகிறது. ஏறியதோடு முடியவில்லை, அங்கிருந்து திருவாலங்காட்டுக்கும் தலையாலேயே நடந்து போனார் என்கிறார் சேக்கிழார்.

வெள்ளியங்கிரிக்குப் போனபோது நான் வாங்கிய மூங்கில் தடி இப்போது கடைக் கதவுக்குப் பின்னால் சாய்ந்திருக்கிறது. போன வாரம் முழங்கால் வலிக்குத் தைலம் வாங்க வந்த பெரியவர் ஒருவர் அதைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "தம்பி, அது என்ன விலை?" என்றார்.