பரிந்துரை மன்றாட்டும் புனிதர் வணக்கமும்: சொல்லாட்சி நோக்கில் ஒரு விளக்கம்

முன்னுரை

திருவள்ளூர் மாவட்டத்தில், கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதிக்குக் கிழக்கே அமைந்த கடலோர ஊர் பழவேற்காடு. இங்குள்ள மகிமை மாதா ஆலயத்தின் தொடக்கத்தைப் போர்த்துகீசியர் காலத்து 1515ஆம் ஆண்டுடன் இணைத்துக் கூறுவது வழக்கு. பின்னர் இவ்வூரில் காலூன்றிய டச்சுக்காரர்கள் 1613இல் கெல்டிரியாக் கோட்டையை எழுப்பினர். முன்னவர் கத்தோலிக்கர், பின்னவர் சீர்திருத்தச் சபையினர். புனிதரை நோக்கி மன்றாடலாமா என்னும் வினாவில் இவ்விரு மரபுகளும் எதிரெதிர் நின்றவை. 1563இல் வெளிவந்த ஹைடல்பெர்க் வினாவிடை அதனை விலக்கியது. அதே ஆண்டு டிசம்பரில் திரெந்துப் பொதுச்சங்கம் அது நன்மையும் பயனும் உடையது என உறுதிசெய்தது.

புனிதர் வணக்கத்தைச் சிறுதெய்வ வழிபாட்டின் மறுவடிவமாக மட்டும் காணும் நோக்கு ஆய்வுலகில் உண்டு. அதனை ஏற்பதற்கு முன், தமிழ்க் கத்தோலிக்கர் தம் கோட்பாட்டை எச்சொற்களால் வகுத்துள்ளனர் என்பதை அறிதல் வேண்டும். இக்கட்டுரை அதனை விளக்குகிறது.

கோட்பாட்டு அடிப்படை

அருள்பவர் இறைவன் ஒருவரே. மீட்பின் இடைநிலையாளர் கிறிஸ்து ஒருவரே என்பது கத்தோலிக்கக் கோட்பாடு. இதற்குச் சான்றாகும் திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 2ஆம் அதிகாரமே எல்லா மனிதருக்காகவும் மன்றாடுமாறு பணிக்கிறது. எனவே பிறருக்காக வேண்டுதல் கிறிஸ்துவின் இடைநிலைக்குப் போட்டியாகாது. இவ்வுறவு சாவினால் அறுபடுவதில்லை என்பதே ‘புனிதர்களுடைய சமூக உறவு’ என்னும் நம்பிக்கையின் பொருள்.

சொல்லாட்சி

இவ்வேறுபாட்டைத் தமிழ்ச் சொற்கள் காத்துள்ளன. இறைவனுக்கு உரியது ‘ஆராதனை’. புனிதருக்கு உரியது ‘வணக்கம்’. மன்றாட்டுமாலைகளில் இறைவனை விளிக்குமிடத்து ‘இரங்கு’ என்னும் வினையும், புனிதரை விளிக்குமிடத்து ‘வேண்டிக்கொள்’ என்னும் வினையும் ஏவற்பொருளில் வருகின்றன. முன்னது அருள்பவரின் வினை. பின்னது அருளை நாடுபவரின் வினை. அண்டிரிக்கி அடிகளார் 1586இல் அச்சிட்ட புனிதர் வரலாற்று நூல் ‘அடியார் வரலாறு’ எனத் தமிழில் அறியப்படுகிறது. அடியார் என்ற சொல்லே ஆண்டவர் வேறொருவர் என்பதை உணர்த்திவிடுகிறது.

வாயில் மரபுடன் ஒப்பீடு

தொல்காப்பியக் கற்பியல் தோழி, பாணன் முதலிய பன்னிருவரை வாயில்களாகச் சுட்டுகிறது. வாயில் வேண்டலாம், ஊடல் தணிந்து தலைவனை ஏற்றல் தலைவிக்கு உரியது. வேண்டுபவர் வேறு, வழங்குபவர் வேறு என்னும் இவ்வமைப்பு பரிந்துரைக்கும் பொருந்தும். ஆயினும் ஒப்புமைக்கு எல்லை உண்டு. வாயில் ஊடல் தணிக்க எழுவது. பரிந்துரையோ இரங்காத இறைவனை இரங்கச் செய்யும் முயற்சியன்று. ஒருவர் மற்றவருக்காக வேண்டும் அன்புறவே அதன் அடிப்படை.

புனிதர் தேவசகாயம்

நட்டாலத்தில் 1712இல் பிறந்து, 1752இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் கொல்லப்பட்ட தேவசகாயம், 2012 டிசம்பர் 2 அன்று அருளாளராகவும் 2022 மே 15 அன்று புனிதராகவும் அறிவிக்கப்பட்டார். மறைசாட்சி என்பதால் முதல் நிலைக்கு அற்புதம் தேவைப்படவில்லை; இரண்டாம் நிலைக்கு அது தேவைப்பட்டது. அவ்வற்புதத்தைத் திருஅவை இறைவனின் செயலாகவே கொள்கிறது. புனிதரின் பரிந்துரைக்கு அது சான்றாகிறது.

மக்கள் வழக்கு

‘மாதா சுகம் தந்தார்’ என்பது திருத்தலங்களில் இயல்பான பேச்சு. இதனைக் கொண்டு மாதாவே தெய்வமாகக் கருதப்படுகிறார் என முடிவு செய்தல் பொருந்தாது. ‘அரசன் கோயில் கட்டினான்’ என்பதில் கட்டியவர் சிற்பியர். அரசன் ஏவுதற் கருத்தா. புனிதர் ஏவுபவர் அல்லர், வேண்டுபவர். எனினும் காரணமானவரைச் செய்தவராகக் கூறும் மொழியியல்பு இரண்டிற்கும் பொது. அதே வேளையில், சொல்பவர் உள்ளத்தில் இவ்வேறுபாடு எப்போதும் தெளிவாக உள்ளது எனவும் கொள்ளலாகாது. அதனைக் கள ஆய்வே காட்ட வல்லது.

முடிவுரை

புனிதர் வணக்கத்தின் கோட்பாட்டு எல்லையைத் தமிழ் மன்றாட்டுமாலைகள் வினைச்சொல்லிலேயே வரையறுத்துள்ளன. திருத்தல வழக்காறுகளைத் தொகுப்போர் யார் விளிக்கப்படுகிறார் என்பதோடு, அவரிடம் எவ்வினை வேண்டப்படுகிறது என்பதையும் பதிவு செய்தல் வேண்டும். அப்போதுதான் வழிபாடு எது, பரிந்துரை எது என்பது புலப்படும்.