ஜெயப்பிரகாஷ் கண்டெடுத்த இடக்கை

ஏற்காட்டு மலையின் லேடீஸ் சீட்டில் நின்று பார்த்தால் கீழே சேலம் தெரிகிறது. அதற்கும் மேற்கே இருக்கிறது சின்னப்பம்பட்டி, தறித் தொழிலாளியின் மகனான கிரிக்கெட் பந்துவீச்சாளர் நடராஜன் பிறந்த ஊர்.

இளம் ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடிக்க அமெரிக்க பேஸ்பால் அணிகள் சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கின்றன. நடராஜனைக் கண்டுகொண்டவரோ உள்ளூர்க்காரர் ஏ. ஜெயப்பிரகாஷ். இருபது வயதுவரை டென்னிஸ் பந்திலேயே வீசிய அந்த இடக்கையின் வேகத்தை நம்பி, அவரைச் சென்னைக்கு அழைத்துச் சென்றார். திறமையைப் பார்க்கப் பலருக்குக் கண் உண்டு. கூடவே நின்று வழிகாட்டுகிறவர்கள் அரிது. ஜெயப்பிரகாஷின் பெருமை அதில்தான் இருக்கிறது.

அங்கே நான்காம் டிவிஷன் லீக்கில் பி.எஸ்.என்.எல். அணி, பிறகு ஜாலி ரோவர்ஸ், 2015இல் ரஞ்சி. பந்துவீச்சு முறையில் சந்தேகம் எழுந்தபோது நடராஜன் அதைத் திருத்திக்கொண்டு மீண்டார். 2017 ஐபிஎல் ஏலத்தில் 10 லட்ச ரூபாய் அடிப்படை விலையில் இருந்தவரைப் பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் அறிமுகமானார். ஒரே பயணத்தில் இப்படி அறிமுகமான முதல் இந்தியர் அவர்.

அவர் சட்டை முதுகில் ஜெயப்பிரகாஷின் முதலெழுத்துகளோடு இருந்த பெயர்: ஜே.பி. நட்டு. 2023இல் சின்னப்பம்பட்டியிலேயே அவர் அமைத்த கிரிக்கெட் மைதானம் திறக்கப்பட்டது.