கோவிலில் பிறந்து வானொலிக்கு வந்த பாட்டு

பிலிப்பைன்ஸ் நாட்டில் மெல்லிசைப் பாடகர்கள் பக்திப் பாடல்களை ஒலிப்பதிவு செய்வது வழக்கமான ஒன்று. திருப்பலிக்காக எழுதிய பாட்டு, காதல் பாட்டு பாடிய அதே குரலில் வானொலியிலும் ஒலிக்கும்.

கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு வழிபாடு மக்கள் மொழிக்கு வந்தது. பிலிப்பைன்ஸில் தகலோக் மொழியில் எளிய மெட்டுகள் அமைத்து வழிகாட்டியவர் இயேசு சபைக் குரு எதுவார்தோ ஒந்திவேரோஸ். அவருக்குப் பின் வந்த இயேசு சபையினரில் மனோலிங் பிரான்சிஸ்கோ முக்கியமானவர். 'உன்னை மறக்க மாட்டேன்' என்று பொருள்படும் தலைப்பில் அவர் ஒரு பாட்டு எழுதினார். தாய் தன் பால்குடிக் குழந்தையை மறப்பாளா என்று எசாயா ஆகமம் கேட்கிறதே, அந்தக் கேள்விதான் அதன் வேர். திரைப்படப் பாடல்களால் புகழ்பெற்ற பாசில் வால்டெஸ் இதை இசைத்தட்டில் பாடினார். இழவு வீடுகளில் இன்றும் கேட்கும் பாட்டு இது. வால்டெஸின் குரலில் ஆர்ப்பாட்டமே இல்லை. பாட்டின் பலமே அதுதான்.

பாடகி ஜேமி ரிவேராவும் இந்த வழியில் வந்தவர். லண்டனில் 'மிஸ் சைகோன்' இசை நாடகத்தில் நாயகி கிம்மாக நடித்தவர். 2015 ஜனவரியில் போப் பிரான்சிஸ் பிலிப்பைன்ஸ் வந்தபோது, அந்த வருகைக்கான அதிகாரபூர்வப் பாடலைப் பாடியவர் இவரே. மணிலாவின் ரிசால் பூங்காவில் நடந்த நிறைவுத் திருப்பலிக்கு, கொட்டும் மழையிலும் சுமார் 60 லட்சம் பேர் திரண்டார்கள்.