கடிகாரம் யார் கையில்?

2025 ஜூனில் மும்பையில் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக் தொடரில் சென்னை புல்ஸ் அணி கோப்பையை வென்றது. அதன்பின் எங்கள் பள்ளி மாணவர்கள் ரக்பி ஆட்டங்களின் காணொலிகளைத் தேடிப் பார்க்கத் தொடங்கினார்கள். தூத்துக்குடிக் கடற்கரையில் உள்ள எங்கள் பகுதியில் கபடியும் கால்பந்தும்தான் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஆட்டங்கள். அதனால் உடற்கல்வி ஆசிரியரான என்னிடம் நிறையக் கேள்விகள் வந்தன. அதிகம் வந்த கேள்வி இதுதான்: "சார், டைம் முடிஞ்ச பிறகும் ஏன் சார் விளையாடிக்கிட்டே இருக்காங்க?"

எளிய கேள்விதான். ஆனால் அதற்குள் கணக்கும் இருக்கிறது, நியாயமும் இருக்கிறது.

ஓடும் கடிகாரம், நிற்கும் கடிகாரம்

கால்பந்தில் கடிகாரம் நிற்பதில்லை. 45 நிமிடம் ஓடி முடிந்ததும், வீணான நேரத்தை நடுவர் கணக்கிட்டுக் கூடுதலாகச் சேர்க்கிறார். ரக்பியில் அப்படியில்லை. பாதிக்கு 40 வீதம் மொத்தம் 80 நிமிடம். வீரருக்குக் காயம் ஏற்பட்டாலோ, காணொலியைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியிருந்தாலோ, நடுவர் சைகை காட்டிக் கடிகாரத்தை நிறுத்துகிறார். ஆட்டம் தொடரும்போது மீண்டும் ஓடவிடுகிறார். பெரிய போட்டிகளில் இதற்கென்றே தனியாக ஒரு நேரக்காப்பாளர் இருப்பார். நடுவரின் குரல் ஒலிவாங்கி வழியாக அவருக்குக் கேட்கும். ஆனால் எப்போது நிறுத்துவது, எப்போது தொடங்குவது என்ற அதிகாரம் நடுவரிடமே இருக்கிறது. நேரக்காப்பாளர் இல்லாத சிறிய போட்டிகளில் நடுவர்கள் பலர் இரண்டு கைக்கடிகாரங்கள் கட்டிக்கொள்வார்கள். ஒன்று நிற்காமல் ஓடும். மற்றொன்றை நிறுத்தி நிறுத்தி ஓட்டுவார்கள்.

மஞ்சள் அட்டை பெற்ற வீரர் 10 நிமிடம் வெளியே இருக்க வேண்டும். அதுவும் ஆட்ட நேரக் கணக்குதான். கடிகாரம் நின்றால் அவருடைய தண்டனை நேரமும் நிற்கும்.

இனி மாணவர்களின் கேள்விக்கு வருவோம். 80 நிமிடம் முடிந்தாலும் பந்து ஆட்டத்தில் இருக்கும்வரை ஆட்டம் முடியாது. பந்து எல்லைக்கோட்டுக்கு வெளியே போக வேண்டும், அல்லது ஏதேனும் பிழையால் ஆட்டம் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் பெனால்டி கிடைத்தால் அதையும் ஆடி முடிக்க வேண்டும்.

இந்த விதியின் அருமையை உலகம் 2015 செப்டம்பர் 19 அன்று பார்த்தது. இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் உலகக் கோப்பை ஆட்டம். இருமுறை உலகக் கோப்பை வென்ற தென்னாப்பிரிக்கா 32–29 என்று ஜப்பானைவிட முன்னிலையில் இருந்தது. கடைசிக் கட்டத்தில் ஜப்பானுக்குப் பெனால்டி கிடைத்தது. கம்பங்களுக்கு இடையே உதைத்திருந்தால் 3 புள்ளி பெற்றுச் சமன் செய்திருக்கலாம். ஜப்பான் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. வெற்றிக்காகத் தொடர்ந்து ஆடியது. 84ஆவது நிமிடத்தில் கார்ன் ஹெஸ்கெத் மூலையில் பந்தை ஊன்றினார். 34–32. கடிகாரத்தை மட்டும் பார்த்து விசில் ஊதியிருந்தால் அந்த வெற்றி இல்லை.

நம் கபடியிலும் உண்டு

இந்த விதி நமக்குப் புதிதல்ல. கபடி விதிப்படி, ஒவ்வொரு பாதியின் கடைசிப் பாடலும் நேரம் முடிந்த பிறகும் முடிக்க அனுமதிக்கப்பட வேண்டும். கோவில்பட்டியில் பிள்ளைகள் ஆடும் ஹாக்கியிலும், நேரம் முடிவதற்குள் கொடுக்கப்பட்ட பெனால்டி கார்னரை ஆடி முடித்த பிறகே ஆட்டம் நிற்கும். தொடங்கிய செயலை முடிக்க விட வேண்டும் என்பதே மூன்றுக்கும் பொதுவான நியாயம்.

விதி புத்தகத்தில் இருந்தால் மட்டும் போதாது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குறுவட்டப் போட்டியில் மாணவியர் கபடி. எங்கள் அணி ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. எங்கள் மாணவி பாடிச் சென்று எதிரணிக் களத்தின் நடுவில் நிற்கும்போது நீண்ட விசில் ஒலித்தது. மேசையில் கைபேசியில் ஓடிய கடிகாரம் 15 நிமிடத்தைத் தொட்டுவிட்டதாம். எடுத்துச் சொன்னோம், முடிவு மாறவில்லை. திரும்பி வந்த அவள் என்னிடம் கேட்டாள்: "சார், நான் இன்னும் மூச்சே விடலையே, எப்படி சார் முடியும்?"

அவள் கேட்டது சரி. கபடியில் முதல் கடிகாரம் மூச்சுதான். ஒரே மூச்சில் பாட வேண்டும் என்பதே சடுகுடு காலத்திலிருந்து வரும் விதி. ஒரு பாடலுக்கு 30 விநாடி என்ற வரம்பு பின்னால் வந்து சேர்ந்தது.

கயிற்றைப் பிடிப்பவர்

மூச்சால் நேரம் அளந்த வேறொரு தொழிலும் எங்கள் கரையில் இருந்தது. முத்துக்குளித்துறையில் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். குளிப்பவர் கல்லின் எடையோடு கடலடிக்கு இறங்கி, ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் சிப்பிகளைச் சேர்த்துக்கொண்டு கயிற்றை அசைப்பார். படகில் இருப்பவர் உடனே இழுக்க வேண்டும். கயிற்றைப் பிடிப்பவர் மைத்துனராக இருப்பார் என்றும், தன் அக்கா தங்கை தாலியறுக்க விடமாட்டார் என்ற நம்பிக்கைதான் அதற்குக் காரணம் என்றும் இங்குள்ள பெரியவர்கள் சொல்வார்கள். நேரத்தைக் காப்பவர் நம்பிக்கைக்கு உரியவராக இருக்க வேண்டும் என்பதை மாணவர்களுக்கு விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

வகுப்பறையில் செய்து பார்க்க

தொடக்க வகுப்புகள்: கண்ணை மூடி, 30 விநாடி ஆகிவிட்டது என்று தோன்றும்போது கையைத் தூக்கச் சொல்லுங்கள். பலர் முன்னதாகவே தூக்கிவிடுவதைப் பார்ப்பீர்கள். கடிகாரம் ஏன் வேண்டும் என்பது அப்போது அவர்களுக்கே விளங்கும்.

6 முதல் 8ஆம் வகுப்பு வரை: ஆட்டம் மாலை 4.10க்குத் தொடங்குகிறது. ஒரு பாதி 15 நிமிடம். இடையில் கடிகாரம் 1 நிமிடம் 20 விநாடி, 45 விநாடி, 2 நிமிடம் 5 விநாடி என மூன்று முறை நிற்கிறது. முதல் பாதி எப்போது முடியும்? விநாடிகளைக் கூட்டினால் 70 வரும். அதை '3.70 நிமிடம்' என்று எழுதுபவர்கள் இருப்பார்கள். 60 விநாடி ஒரு நிமிடம் என்று மாற்றினால் 4 நிமிடம் 10 விநாடி. விடை, 4 மணி 29 நிமிடம் 10 விநாடி.

9, 10ஆம் வகுப்புகள்: ஒரே ஓட்டத்தை ஐந்து மாணவர்கள் ஐந்து நிறுத்துக் கடிகாரங்களால் அளக்கட்டும். ஐந்து அளவீடுகளும் ஒன்றாக இருக்காது. சராசரி, வீச்சு, அளவீட்டுப் பிழை ஆகிய மூன்றையும் சொந்தத் தரவிலிருந்தே கற்பிக்கலாம்.

பள்ளிப் போட்டிகளில் மூன்று ஏற்பாடுகளை நான் இப்போது வழக்கமாக்கியிருக்கிறேன். கடிகாரம் வைத்திருப்பவர் யார் என்று ஆட்டத்துக்கு முன்பே இரு அணித் தலைவர்களுக்கும் சொல்லிவிடுகிறோம். அழைப்பு வரும் கைபேசியை நேரக் கருவியாகப் பயன்படுத்துவதில்லை. நேரக்காப்பாளருக்குப் பக்கத்தில் அணிக்கு ஒரு மாணவர் அமர்ந்து பார்க்கிறார். கடைசி நிமிடத்தில் மேசையைச் சுற்றிக் கூட்டம் சேர்வது இதனால் வெகுவாகக் குறைந்திருக்கிறது.

தோல்வியைப் பிள்ளைகள் சில நாளில் மறந்துவிடுவார்கள். தங்களுக்குரிய நேரம் கொடுக்கப்படவில்லை என்ற எண்ணம் எளிதில் மறையாது. அடுத்த போட்டிக்கு முன் உங்கள் பள்ளியிலும் கடிகாரம் யார் கையில் இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.